2017-க்குப் பின் இந்தியக் காற்றாலைத் துறை: ஓர் உச்சமும் ஐந்தாண்டுச் சரிவும்

2017 மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 5,500 மெகாவாட் காற்றாலைத் திறனைப் புதிதாக நிறுவியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் எட்டாத, அதன்பின் 2024-25 வரையிலும் திரும்ப எட்டாத உச்சம் அது. அடுத்த நிதியாண்டில் அந்த அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2021-22-இல் ஆண்டு முழுவதும் நிறுவியது வெறும் 1,100 மெகாவாட் சொச்சம். 2022-ஆம் ஆண்டு முடிவதற்குள் 60,000 மெகாவாட் என்று மத்திய அரசு வைத்திருந்த இலக்கில், அந்த ஆண்டின் இறுதியில் கையில் இருந்தது 42,000-க்கும் சற்றுக் கீழே.

சூரிய மின்சாரம் மலிந்துவிட்டது, குறைந்த விலை கேட்பவரிடமே மின்சாரம் வாங்கும் ஏல முறை வந்தது, ஆகவே காற்றாலை பின்தங்கியது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு கேள்வி மிஞ்சும்: ஏலத்தில் விலை இறங்கினால் வாங்குபவர்கள் கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்தார்கள்? இந்தியாவில் அதுவரை இருந்தது காற்றாலை இயந்திரத்தை விற்கும் சந்தை; காற்று மின்சாரத்தை விற்கும் சந்தை அன்று. முன்னதை ஒரே தேதியில் இழுத்து மூடிவிட்டு, பின்னது தானாக எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்ததுதான் சரிவின் வேர் என்பது என் வாசிப்பு.

தேய்மானத்துக்காக நட்ட காத்தாடிகள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்பவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் இந்தத் துறையின் முதல் அத்தியாயத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் இருசக்கர வண்டியை நேராக ஓட்டுவது பாடு. பக்கவாட்டிலிருந்து வரும் காற்று வண்டியைச் சாலையின் மறுபாதிக்குத் தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுக்கும் இடம் அது. முப்பந்தல் தொடங்கிக் காவல்கிணறு வரை, ஊர்க்காரர்கள் காத்தாடி என்று சொல்லும் இயந்திரங்கள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. சற்று உற்றுப் பார்த்தால் தலைமுறை வேறுபாடு தெரியும். பின்னல் இரும்புக் கோபுரத்தின் மேல் சிறிய இறக்கைகளோடு படபடவென்று சுழல்பவை தொண்ணூறுகளில் வந்த 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். உருளைக் கோபுரத்தில் நிதானமாகச் சுற்றுபவை பிந்தியவை.

அரசின் முன்மாதிரித் திட்டங்கள் 1986-இல் தூத்துக்குடியிலும் குஜராத்தின் ஓகாவிலும் தொடங்கின. வானிலை அறிஞர் அன்னா மணி தலைமையேற்று நடத்திய காற்று அளவீடுகள் எந்தக் கணவாயில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைக் கணக்காக வைத்தன. ஆனால் அளவீடு மட்டும் முதலாளிகளின் பணத்தை இங்கே கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, வருமான வரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகை. மற்றொன்று, பருவத்தில் விளையும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வைத்திருந்து பிற மாதங்களில் எடுத்துக்கொள்ள விட்ட பேங்கிங் வசதி.

தேய்மானச் சலுகையின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால்தான் அதன் வலிமை புரியும். ஒரு நூற்பாலை ஐந்து கோடி ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறது என்று கொள்வோம். 80 சதவீதம் தேய்மானம் என்றால் முதல் ஆண்டிலேயே நான்கு கோடியை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரி விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் என்றால், இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரம் தருவதற்கு முன்பே ஒன்றே கால் கோடிக்கு மேல் வரியில் மிச்சம். இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. சொத்து அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அதனால் செப்டம்பர் கடைசி வாரத்தில் காற்று ஓயப்போகும் நேரத்தில் இயந்திரங்களை அவசர அவசரமாக மின்கம்பியோடு இணைத்துச் சான்றிதழ் வாங்கும் காட்சி ஆண்டுதோறும் நடந்தது. ஆடிக் காற்றைத் தவறவிட்டாலும் செப்டம்பர் 30-ஐத் தவறவிடாதே என்பதே கணக்காளர்களின் அறிவுரையாக இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது, செய்யவும் செய்தார்கள். வரியைக் குறைக்க வாங்கியவருக்கு இயந்திரம் எவ்வளவு சுழல்கிறது என்பதில் அக்கறை குறைவு என்பது உண்மை. அதைச் சரிசெய்யத்தான் 2009 டிசம்பரில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு தரும் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. ஆனாலும் வரிச் சலுகை வேறொன்றையும் செய்தது: திருப்பூரின் பின்னலாடை உற்பத்தியாளர், கோவையின் நூற்பாலை, சிவகாசியின் அச்சகம் என்று ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தர உடைமையாளர்களை மின் உற்பத்திக்குள் இழுத்துவந்தது. மேற்கிலும் கதை அதேதான். துணி உற்பத்தியில் இருந்த துளசி தாந்தி, தன் ஆலையின் மின் செலவுக்குத் தீர்வாக இரண்டு இயந்திரங்களை வாங்கிய அனுபவத்திலிருந்தே 1995-இல் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியக் காற்றாலைத் துறையின் முதல் வாடிக்கையாளர்களும் பெரிய உள்நாட்டு உற்பத்தியாளரும் தறியும் நூலும் உள்ள இடத்திலிருந்து வந்தவர்கள்.

நடந்த ஒத்திகை

2012 மார்ச் 31-ஆம் தேதியோடு விரைவுத் தேய்மானமும் உற்பத்தி ஊக்கத்தொகையும் ஒரே நாளில் முடிவுக்கு வந்தன. அந்த நிதியாண்டில் சுமார் 3,200 மெகாவாட் நிறுவிய நாடு, அடுத்த ஆண்டில் 1,700-க்கு இறங்கியது. தமிழ்நாட்டின் வீழ்ச்சி அதைவிடக் கொடியது: ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெகாவாட்டிலிருந்து இருநூறுக்கும் கீழே. ஊக்கத்தொகையை 2013-இலும் தேய்மானத்தை 2014 ஜூலையிலும் திரும்பக் கொண்டுவந்த பிறகே துறை மூச்சு வாங்கியது.

ஐந்தே ஆண்டுகளுக்குப் பிறகு அதே தேதியில் அதே தவறு, இம்முறை பெரிய அளவில் நடந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் தேய்மானம் 80-லிருந்து 40 சதவீதமாகும் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஊக்கத்தொகையின் காலக்கெடுவும் அதே மார்ச் 31. அதோடு, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயித்த விலையில் மின்சாரத்தை வாங்கும் பழைய முறையும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே 2016-17-இன் 5,500 மெகாவாட்டை வளர்ச்சியின் உச்சம் என்று மட்டும் படிக்கக் கூடாது. கதவு அடைபடப்போகிறது என்று தெரிந்தவர்கள் அடுத்த ஆண்டில் கட்ட வேண்டியதையும் முன்னிழுத்துக் கட்டியதன் அளவு அது. அந்த அலையில் முன்னணியில் நின்றது ஆந்திரப் பிரதேசம். அந்த ஓராண்டில் மட்டும் அங்கே சுமார் 2,200 மெகாவாட் எழுந்தது. அம்மாநிலத்துக்கு மீண்டும் வருவோம்.

பத்து மாதத்தில் பாதி விலை

2017 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுவனமான இந்திய சூரிய மின்சக்திக் கழகம் காற்று மின்சாரத்துக்கான முதல் தேசிய ஏலத்தை நடத்தியது. யூனிட்டுக்கு 3.46 ரூபாய் என்று முடிந்தது. அதுவரை ஆணையங்கள் நிர்ணயித்த விலை தமிழ்நாட்டில் 4.16 ரூபாய், ஆந்திராவில் 4.84 ரூபாய். அக்டோபரில் நடந்த இரண்டாவது ஏலத்தில் 2.64. டிசம்பரில் குஜராத் மாநிலம் தானே நடத்திய ஏலத்தில் 2.43.

இந்த எண்களைக் காற்று மின்சாரத்தின் உண்மை விலை என்று எடுத்துக்கொண்டதுதான் அடுத்த பிழை. தேசிய ஏலத்தில் வென்றவர் நாட்டின் எந்த இடத்திலும் திட்டத்தைக் கட்டலாம்; மாநிலங்களுக்கிடையிலான மின்கடத்தல் கட்டணமும் அவருக்கு விலக்கு. அப்படியிருக்க, யார்தான் காற்று குறைந்த இடத்துக்குப் போவார்கள்? ஏலக்காரர்கள் குஜராத்தின் கட்ச்சுக்கும் தமிழ்நாட்டின் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக்கும் திரண்டனர். 2.43 என்பது கட்ச்சின் காற்றுக்கான விலை. கர்நாடகத்தின் ஒரு நடுத்தர மேட்டுக்கோ மத்தியப் பிரதேசத்தின் ஒரு குன்றுக்கோ அது பொருந்தாது. ஆனால் மின்சாரத்தை வாங்கும் மாநில மின்பகிர்மான நிறுவனங்கள் எல்லா இடத்திலும் அதே எண்ணைக் காட்டிப் பேரம் பேசின. பழைய விலையில் பேசி முடித்து ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்த ஒப்பந்தங்கள்கூடக் கிடப்பில் போயின.

விலையைவிட முக்கியமான மாற்றம் ஏல ஆவணத்தின் ஒரு வரியில் இருந்தது: குறைந்தபட்ச ஏலக் கேட்பு 50 மெகாவாட். அந்த வரி, இரண்டு இயந்திரம் வாங்க நினைத்த நூற்பாலை முதலாளியைச் சந்தையிலிருந்து வெளியேற்றிவிட்டது. அவருக்கு வரிச் சலுகை பாதியாகிவிட்டது, நிர்ணய விலை போய்விட்டது, ஏலத்தில் இடமும் இல்லை. அவரிடத்தில் வந்தவை பெருமுதலீட்டு நிதியங்களின் ஆதரவு பெற்ற நிறுவனங்கள். இவர்களுக்குச் சலுகை பெரிதல்ல. வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், கம்பி இருக்க வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் மாதாமாதம் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட 2017-இல் தயாராக இல்லை. ஏல முறையே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிர்ணய விலையில் கொழுத்த லாபம் இருந்ததை ஏலம்தான் வெளிக்காட்டியது. ஆனால் இரு முறைகளுக்கும் நடுவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பாலம் போட்டிருக்கலாம். சிறு உடைமையாளர்களுக்கு ஒரு தனி ஒதுக்கீடு போதுமானதாக இருந்திருக்கும்.

ஒப்பந்தம் என்ற காகிதம்

2019 மே மாதம் ஆந்திராவில் ஆட்சி மாறியது. ஜூலையில் புதிய அரசு, முந்தைய ஆட்சியில் போட்ட காற்று, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலை மிக அதிகம் என்று கூறி, மறுபேச்சு நடத்த ஒரு குழுவை அமைத்தது. கேட்ட விலை, குஜராத் ஏலம் ஈன்ற அதே 2.43 ரூபாய். 25 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்ட 4.84 ரூபாய் ஒப்பந்தத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தனி நீதிபதி, விவகாரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும்வரை காற்று மின்சாரத்துக்கு இடைக்கால விலையாக 2.43 தரும்படி உத்தரவிட்டார். 2022 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளி, ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு உற்பத்தியாளர்களுக்குச் சாதகமாக முடிந்தது என்று இதை முடித்துவிட முடியாது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் அவர்கள் கைக்கு வந்தது பாதி வருமானம். வங்கித் தவணையோ முழுத் தவணை. அந்தக் காலத்தில் காற்றாலைக்குக் கடன் கேட்டுப் போன எவரிடமும் கடன் அதிகாரி கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, வாங்கும் மாநிலம் எது என்பதாகவே இருந்திருக்கும். ஆந்திரா மட்டும் தனிக்குற்றவாளி அன்று. தமிழ்நாட்டில் பணம் தாமதமாவது அதற்கும் பழையது. ஓராண்டுக்கும் மேல் பாக்கி நின்ற காலங்கள் உண்டு. தாமதத்துக்கு மின்கடத்தல் அனுமதியையே நிறுத்திவைக்கும் பல் கொண்ட விதிகளை மத்திய மின் அமைச்சகம் 2022 ஜூனில் கொண்டுவந்த பிறகே நாடு முழுவதும் பழைய பாக்கிகள் தவணை முறையில் கரையத் தொடங்கின. சரிவைத் தடுக்க அது ஐந்தாண்டு தாமதம்.

கம்பி

காற்றாலை ஒன்றை ஓராண்டில் நட்டுவிடலாம். அதன் மின்சாரத்தை எடுத்துச்செல்லும் 400 கிலோவோல்ட் பாதைக்கு நிலம் பெற்று, கோபுரம் எழுப்பி, துணைமின் நிலையம் கட்ட அதைவிடப் பன்மடங்கு காலம் ஆகும். தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 வரை நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்திசைந்த இணைப்பில்லாமல் இருந்தது. தமிழகம் மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்த அதே ஆண்டுகளில், ஆடிக் காற்றின் உச்சத்தில் கம்பிகள் தாங்காமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் நடந்தது. இரண்டும் ஒரே மாநிலத்தில் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம்.

ஏலங்களில் வென்றவர்கள் கட்ச்சில் திரண்டபோது அதே பாடம் வடமேற்கில் மறுபடி நடத்தப்பட்டது. திட்டங்கள் கம்பிக்கும் நிலத்துக்கும் காத்திருந்தன. காத்திருக்கும்போது எஃகு விலை ஏறியது, பெருந்தொற்று வந்தது. ஏலத்தில் 2.44-க்குக் கேட்டவருக்கு, தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த விலை கட்டுப்படியாகாத விலையாக மாறியது. சிலர் திட்டத்தையே திருப்பிக் கொடுத்தனர். 2021 ஏப்ரலில் கானமயிலைக் காக்க ராஜஸ்தான், குஜராத் வாழிடங்களில் மின்பாதைகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லும்படி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் சேர்ந்துகொண்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றமே அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. எஞ்சியிருப்பது மிகச் சில பறவைகளே என்னும்போது அந்த வழக்கைத் தொழிலுக்கு வந்த இடையூறு என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பறவையின் பாதை எது என்று தெரிந்த பின்பே கம்பியின் பாதையை வரைந்திருக்க வேண்டும்.

இயந்திரம் செய்தவர்கள்

வாங்குபவர் மாறியதன் அடி நேராக விழுந்தது உற்பத்தியாளர்கள் மீது. அவர்கள் இயந்திரத்தை மட்டும் விற்றவர்கள் அல்லர். நிலம் தேடி, அனுமதி வாங்கி, கம்பி இழுத்து, இருபதாண்டு பராமரிப்பையும் ஏற்று, சாவியைக் கையில் கொடுத்தவர்கள். அந்த முறையில் நிலத்திலும் அனுமதியிலும் முன்கூட்டியே பணம் முடங்கும். விற்பனை ஓராண்டு நின்றாலே மூச்சு முட்டும். சுஸ்லான் 2012-இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் திணறி, ஜெர்மனியில் வாங்கியிருந்த துணை நிறுவனத்தை 2015-இல் விற்று, அதன்பிறகும் பல முறை கடன் சீரமைப்புக்குப் போனது. விண்ட் வேர்ல்ட், ரீஜென் பவர்டெக் ஆகிய நிறுவனங்கள் திவால் நடைமுறைக்குள் சென்றன. அவற்றின் இயந்திரங்களை வாங்கிய சிறு உடைமையாளர்களுக்கு உதிரிபாகத்துக்கும் பராமரிப்புக்கும் யாரிடம் போவது என்பது பெரும் பிரச்சினை. இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே திறக்கும் பூட்டு என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள்.

பழைய காத்தாடியை ஏன் மாற்ற மாட்டார்கள்

முப்பந்தலின் 250 கிலோவாட் இயந்திரங்கள் நாட்டின் மிகச் சிறந்த காற்றை மறித்துக்கொண்டு, அதில் சொற்பத்தை மட்டுமே மின்சாரமாக்குகின்றன. அதே இடத்தில் இன்றைய மூன்று மெகாவாட் இயந்திரம் நின்றால் உற்பத்தி பன்மடங்காகும். இரண்டு மெகாவாட்டுக்குக் கீழ்ப்பட்ட இயந்திரங்களை மாற்றினால் 25,000 மெகாவாட்டுக்கு மேல் வாய்ப்புண்டு என்று சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மத்திய அரசு 2016-இலும் 2023-இலும் இதற்கெனக் கொள்கை வெளியிட்டது; தமிழ்நாடு 2024-இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனாலும் பழையவை சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன.

காரணம் நிலத்தில் இருக்கிறது. ஒரு காற்றாலைக்கும் அடுத்ததற்கும் காற்றோட்டத்துக்குக் குறுக்கே இறக்கை விட்டத்தைப் போல் ஐந்து மடங்கும், காற்றோட்டத்தின் திசையில் ஏழு மடங்கும் இடைவெளி வேண்டும். முப்பது மீட்டர் விட்டமுள்ள பழைய இயந்திரத்துக்கு அது 150, 210 மீட்டர். 130 மீட்டர் விட்டமுள்ள புதியதற்கு 650, 910 மீட்டர். அந்தப் பரப்பில் இன்று பத்துக்கும் மேற்பட்ட உடைமையாளர்கள் ஆளுக்கொரு காத்தாடியோடு நிற்கிறார்கள். ஒருவர் திருப்பூர், ஒருவர் ராஜபாளையம், ஒருவர் இறந்துபோய் வாரிசுகளுக்கிடையே வழக்கு. அத்தனை பேரும் ஒரே இயந்திரத்தில் பங்கு சேர ஒப்ப வேண்டும்.

ஒப்பினாலும் அடுத்த கணக்கு இருக்கிறது. நூற்பாலையின் கணக்குப்பிள்ளை மேசையில் காற்றாலைக்கென்று ஒரு தனி ஏடு இருக்கும். ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும் அந்த ஏட்டில், எந்த மாதம் எத்தனை யூனிட் விளைந்தது, வாரியம் பேங்கிங் கட்டணமாக எத்தனையைக் கழித்தது, உச்சநேரத்தில் எத்தனை, இரவில் எத்தனை என்று பத்தி பத்தியாக இருக்கும். ஆடியில் சேர்த்த யூனிட்டை மாசியில் எடுத்துச் செலவழிப்பதுதான் அந்த ஏட்டின் உயிர். 2022-இன் மத்தியப் பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள் பேங்கிங்கை மாதக் கணக்காகப் பார்க்கின்றன. ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு ஐந்தே மாதத்தில் விளையும் ஓர் ஊரில், மாதக் கணக்கு என்பது அறுவடை நெல்லை அந்த மாதத்துக்குள்ளேயே சாப்பிட்டு முடி என்பது போல. பழைய இயந்திரத்தைக் கழற்றினால் பழைய சலுகையும் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, கடனெல்லாம் அடைந்து கைச்செலவு மட்டுமே மிச்சமுள்ள ஒரு பழைய காத்தாடியை எந்த முதலாளி கழற்றுவார்? வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு: ஆடி மாத நடுநிசியில் தேவையில்லாதபோது பெற்ற யூனிட்டை, மாசி மாத மாலையில் சந்தையில் அதிக விலைக்கு வாங்கித் திருப்பித் தருவது அதற்கு நட்டம். இந்த இரு நியாயங்களுக்கும் நடுவே சேமிப்பு வசதி எதுவும் இல்லாமல், சட்டத்தால் மட்டும் கோடு போடப் பார்ப்பதால்தான் தமிழ்நாட்டுக் கொள்கையும் வெளிவந்த வேகத்திலேயே நீதிமன்றம் ஏறியது.

திரும்பி வந்த தேவை

2022-23 முதல் வரைபடம் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. 2023-24-இல் சுமார் 3,250 மெகாவாட்; 2024-25-இல் 4,150; 2025 மார்ச்சில் மொத்தத் திறன் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. இதைக் காற்றாலைக் கொள்கையின் வெற்றி என்று யாரேனும் சொன்னால் சற்றுத் தயங்கியே ஏற்க வேண்டும். தேவையைத் திருப்பிக் கொண்டுவந்தது பெருமளவு சூரிய மின்சாரம்தான். நண்பகலில் தேவைக்கு மேல் சூரிய மின்சாரம் குவிந்து, மாலை ஆறு மணிக்கு மேல் பற்றாக்குறை வரத் தொடங்கியதும், காற்றையும் சூரியனையும் கலந்து தரும்படி கேட்கும் ஏலங்கள் பெருகின. தனிக் காற்று ஏலங்களிலும் விலை மூன்றரை ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. அதாவது எல்லாரும் இவ்வளவு குறைவா என்று வியந்த 2017 பிப்ரவரியின் 3.46-க்கே திரும்ப வந்திருக்கிறோம்.

சாதகமான வேறு சிலவும் சேர்ந்தன. 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களின் சரக்கு-சேவை வரி 12-லிருந்து 5 சதவீதமாகத் திரும்ப இறங்கியது. ஆனால் மாநிலங்களுக்கிடையிலான கடத்தல் கட்டண விலக்கு 2025 ஜூன் 30-க்குப் பின் ஆண்டுக்கு 25 சதவீதம் வீதம் குறைகிறது. கவனிக்க வேண்டியது இந்த வடிவத்தைத்தான்: 2012-இலும் 2017-இலும் கத்தியால் வெட்டியது போல் முடித்த சலுகைகளுக்கு மாறாக, இது படிப்படியாக இறங்குகிறது. அப்படியிருந்தும் 2025-இன் முதல் பாதியில், கெடு முடிவதற்குள் இயந்திரங்களைக் கம்பியோடு இணைத்துவிட வேண்டும் என்ற அவசரம் நாடு முழுவதும் தெரிந்தது. முன்பு செப்டம்பர் 30, பின்பு மார்ச் 31, இப்போது ஜூன் 30.